பிடியரிசியும் இருபதாயிரமும்

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது பிரசங்கப் பதிவு இல்லை. யாரையும் மனந்திருப்புற உத்தேசமும் எனக்கு இல்லை. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தைரியமா உள்ளே வரலாம். அரிசி, அட்டைப்பெட்டி, ஒரு பழைய பைக். இந்த மூணையும் பத்திதான் பேசப்போறேன். ஆண்டவர் நடுநடுவுல வருவார்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல (திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவங்களுக்கு சர்ச்சும் கோயில்தான்) ஒருத்தர் சாட்சி சொன்னார். சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்லை. ஆண்டவர் தன் வாழ்க்கையில செஞ்ச நன்மையை சபைக்கு முன்னாடி நின்னு சொல்றது. இவர் ஆபீஸ்ல யாரோ லஞ்சம் கொடுக்க வந்தாங்களாம், வாங்க மாட்டேன்னு நின்னாராம். ஒதுக்கி வச்சாங்களாம். ஆனாலும் ஆண்டவருக்கு உண்மையா இருந்தாராம். இப்போ அதே ஆபீஸ்ல அவர்தான் பெரிய அதிகாரி. சொந்த வீடு, புதுக் கார். சபை மொத்தமும் 'அல்லேலூயா' சொன்னது. நானும் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் பொறாமையோடதான் சொன்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை. சின்ன வயசுலருந்து நான் கேட்ட சாட்சிகள்ல முக்கால்வாசி இப்படித்தான் முடியும். கடைசிப் பாராவுல ஒரு கார் வந்து நிக்கும். கார் வராதவங்க யாரும் மைக் பக்கம் வர்றதில்லை. என்கிட்டயும் ஒரு சாட்சி இருக்கு. அதுல கார் வராது. இருந்த பைக்கும் போயிடும். அதனால கோயில்ல இதுவரைக்கும் சொன்னதில்லை. இங்க சொல்றேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க.

எங்க ஆச்சி ஊரு நாசரேத்துக்குப் பக்கத்துல, செம்மண் தேரியும் பனையுமா இருக்கிற ஒரு சின்ன ஊர். தாத்தா பனையேறி. நான் பார்க்குறப்போ ஏறுறதை விட்டுட்டார், ஆனா நெஞ்சுல அந்தக் காய்ப்பு அப்படியே இருந்தது. பள்ளிக்கூட லீவு விட்டா நான் அங்கதான். ஆச்சி வீட்டு அடுக்களையில அரிசிப் பானைக்குப் பக்கத்துல ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். மூடி கிடையாது, ஒரு சிரட்டை கவுத்தி வச்சிருக்கும். ஆச்சி சோத்துக்கு அரிசி அளக்குறப்போ உழக்கால மூணு தடவை அளந்து சொளவுல போடுவா. அப்புறம், கல்லு பொறுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சொளவுலருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்துல போடுவா. வாய்க்குள்ள ஏதோ முணுமுணுப்பா. அவ்வளவுதான். ஜெபம்னு கண்ணை மூடி நின்னு நான் பார்த்ததில்லை. அடுப்புல ஒல கொதிச்சுக்கிட்டு இருக்கும்ல, நேரம் ஏது?

அதுக்குப் பேர் பிடியரிசி. கைப்பிடி அரிசின்னும் சொல்வாங்க. நிறைய ஊர்ல உண்டு. மாசத்துல ஒரு நாள் பெண்கள் சங்கத்துலருந்து ரெண்டு பேர் சாக்கைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வருவாங்க. கலயத்தை அப்படியே சாக்குல கவுத்துவாங்க. குண்டு அரிசி, சன்ன அரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் அதுல ஒண்ணாக் கலந்து கிடக்கும். அப்புறம் கோயில்ல அது ஏலத்துக்கு வரும். ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல நடக்குற அந்த ஏலத்தைப் பத்தியே தனிப் பதிவு போடலாம். முட்டை, சேவக்கோழி, முருங்கைக்காய்க் கட்டு, முதல் கருப்பட்டின்னு வரிசையா வரும். எட்டணா பெறாத எலுமிச்சம்பழத்தை ரோஷத்துல ஏத்தி ஏத்தி அம்பது ரூபாய்க்கு எடுத்துட்டுப் போன மாமாக்கள் எல்லாம் உண்டு.

மிசோரம்லயும் இந்த வழக்கம் உண்டுன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 'புஃபாய் தாம்'னு பேராம். அங்க உள்ள பெண்கள் 1910ல ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் நடக்குது, சபையோட வருமானத்துல அதுக்குப் பெரிய பங்கு. நம்ம பக்கமும் சளைச்சதில்லை. 1903ல திருநெல்வேலி சபை தன் சொந்தக் காசுல ஒரு மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பிச்சது. அதைத் தொடங்குனதுல முக்கியமானவர் வெள்ளாளன்விளைல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912ல அவர்தான் ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர். வெள்ளைக்கார மிஷனரிகள் நம்ம ஊருக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பனையேறிக் குடும்பங்களும் ஒரு கை அரிசியை ஒதுக்கி வச்சு இன்னொரு ஊருக்கு ஆள் அனுப்பின கதை அவ்வளவாத் தெரியாது. ஆச்சிகிட்ட "இந்த அரிசி எங்க போவும் ஆச்சி?"ன்னு கேட்டா, "தெலுங்கு நாட்டுக்குப் போவும்யா" என்பா. எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது, அவ்வளவு தூரம் போறதுக்குள்ள வண்டு வச்சிராதா?

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. ஆச்சி மூணு உழக்கு அளந்து, அதுலருந்துதான் ஒரு பிடி எடுப்பா. பிடியைத் தனியா எடுத்து வச்சுட்டு மூணு உழக்கு அளக்க மாட்டா. வித்தியாசம் புரியுதா? அந்த ஒரு பிடி சோறு அன்னைக்கு யாரோ ஒருத்தருக்குக் குறையும். யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியா சாப்பிடுறது யாரு?

ஒரு தடவை (நான் அஞ்சாவதோ ஆறாவதோ) லீவுக்குப் போயிருந்தப்போ வீட்டுல அரிசி இல்லை. மழை இல்லாத வருஷம். ஆச்சி என்னை அடுத்த வீட்டு அத்தைகிட்ட அனுப்பி ஒரு நாழி அரிசி கடன் வாங்கிட்டு வரச் சொன்னா. வாங்கிட்டு வந்தேன். உழக்கால அளந்தா, சொளவுல போட்டா, கல்லு பொறுக்க ஆரம்பிச்சுட்டா. கலயம் பக்கம் கையே போகலை. எனக்கு ஒரே சந்தோஷம், ஆச்சியே மறந்துட்டாளே, கண்டுபிடிச்சுட்டோம்னு.

"ஆச்சி, பிடி போடல!"

"இது நம்ம அரிசியால?"

"நீதானே வாங்கிட்டு வரச் சொன்ன?"

"கடன் வாங்குனது அத்த அரிசி. அவ அரிசிய எடுத்து நான் ஆண்டவருக்குக் குடுத்தா, குடுத்தது அவளா நானா? போ, போயி ஓல எடுத்துட்டு வா."

நாலஞ்சு நாள் கலயம் பக்கம் கை போகலை. ஆனா அடுப்புக்குப் பக்கத்துச் சுவத்துல கரித்துண்டால கோடு போட்டு வச்சிருந்தா. கடனை அடைச்சு, சொந்த அரிசி வந்த அன்னைக்கு, அந்தக் கோட்டை எண்ணி எண்ணி அத்தனை பிடியும் அள்ளிப் போட்டா. அப்புறம் கோட்டை அழிச்சா. எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது அப்போ.

சரி, கொசுவத்தியை அணைச்சுட்டு 2005க்கு வருவோம்.

அப்போ நான் அம்பத்தூர்ல ஒரு மிக்ஸி கம்பெனியில பர்ச்சேஸ்ல இருந்தேன். சம்பளம் 9,500. மாசம் பொறந்தா 950 ரூபாயை காணிக்கைக் கவர்ல போட்டுக் கோயில்ல கொடுத்துடுவேன். தசமபாகம், பத்துல ஒண்ணு. அதுல ஒரு மாசம் கூடத் தவறினதில்லை. வாலிபர் சங்கத்துலயும் பொறுப்புல இருந்தேன். ஆண்டவருக்கு உண்மையா இருக்கிறவன் யாருன்னு சபையில கை தூக்கச் சொல்லியிருந்தா, கூச்சப்படாமத் தூக்கியிருப்பேன்.

நான் பார்த்த ஐட்டங்கள்ல ஒண்ணு அட்டைப்பெட்டி. மிக்ஸியை ஜாரோட வச்சு அடைக்கிற ஐந்தடுக்குப் பெட்டி. வெளியிலருந்து பார்த்தா எல்லாப் பெட்டியும் ஒண்ணுதான். விஷயம் காகிதத்தோட கனத்துல இருக்கு. கனம் குறைஞ்ச காகிதத்துலயும் அஞ்சு அடுக்கு ஒட்டலாம், பார்வைக்குத் தெரியாது. எட்டுப் பெட்டி உயரத்துக்கு அடுக்கி வச்சு, காத்துல ஈரமும் ஏறினா, அடியில இருக்கிற பெட்டிக்குத்தான் தெரியும். அதனால ஒவ்வொரு லோடு வர்றப்பவும் சாம்பிள் எடுத்துச் சோதிச்சு, தாங்கும் பலம் சரியா இருக்குன்னு பார்த்து நான் கையெழுத்துப் போடணும்.

அந்த செப்டம்பர்ல வந்த ரெண்டு லோடு சாம்பிள்ல தேறலை. சப்ளையர் வந்தார். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசுவார். "காகித விலை ஏறிப்போச்சு தம்பி, இந்த ஒரு தடவை பாருங்க, அடுத்த லோடுலருந்து சரி பண்ணிடறேன்" என்றார். பெட்டி என்ன மிக்ஸியா, எப்படியும் தூக்கித்தானே போடப்போறாங்கன்னு நானும் கையெழுத்துப் போட்டேன். பணத்துக்காகப் போடலை. சத்தியமா அப்போ பணம் பேச்சே இல்லை. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 1ஆம் தேதி. அதுக்கு மூணு நாள் முன்னாடி ஸ்வீட் பாக்ஸ் வந்தது. ரூமுக்குப் போய்த் திறந்தா, மைசூர்பாக்குக்கு அடியில ஒரு கவர். 20,000 ரூபாய்.

திருப்பிக் கொடுக்கணும்னு தோணுச்சா? தோணுச்சு. ஒரு ராத்திரி முழுக்கத் தோணுச்சு. காலையில, எல்லா டிபார்ட்மெண்ட்லயும் நடக்குறதுதானேன்னும் தோணுச்சு. பைக்குக்கு முன்பணம் கட்ட ரொம்ப நாளா ஆசை. கடைசியில நான் ஒண்ணு செஞ்சேன் பாருங்க, அதை எழுத இப்பவும் கை கூசுது. அதுல 2,000 ரூபாயைத் தனியா எடுத்து, நவம்பர் மாசக் காணிக்கைக் கவர்ல 950ஓட சேர்த்து வச்சு, 'விசேஷ ஸ்தோத்திரக் காணிக்கை'ன்னு எழுதிப் போட்டேன். போட்டதும் மனசு லேசாயிடுச்சு. அதான் கொடுமை. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அந்த வருஷம் சென்னையில பேஞ்ச மழை அங்க இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்டோபர் கடைசியில ஒரு ஆட்டம், டிசம்பர் முதல் வாரத்துல இன்னொரு ஆட்டம். எங்க குடோன்ல தண்ணி ஏறலை. ஆனா ஈரம் ஏறுச்சு. டிசம்பர் மழை விட்டு ரெண்டாம் நாள் காலையில, அடியில இருந்த பெட்டிங்க இடுப்பொடிஞ்சு உட்கார்ந்து, ஒரு வரிசை முழுக்க சரிஞ்சு கிடந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி உடைஞ்ச ஜாருங்க. எண்ணிப் பார்த்ததுல நூத்துச் சொச்சம் மிக்ஸி போச்சு.

யார் தப்பு? ஈரத்துல அவ்வளவு உயரம் அடுக்கினது ஸ்டோர்ஸ்தானே? ஸ்டோர்ஸ் பொறுப்புல ஒரு அண்ணன் இருந்தார். விழுப்புரம் பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல மதியம் தன் டிபன் பாக்ஸ்லருந்து பாதி எனக்கு வச்சவர். அவருக்கு மெமோ. சம்பளத்துல மாசாமாசம் பிடித்தம். அந்த வருஷ இன்க்ரிமெண்டும் நிறுத்தம். அவர் மேனேஜர் ரூமுக்கு வெளிய நின்னு, "எப்பவும் எட்டுதான் சார் அடுக்குவோம், போன வருஷ மழையிலயும் எட்டுதான் சார்"னு சொல்லிக்கிட்டே இருந்தார். நான் அந்த வழியா ஒரு ஃபைலை எடுத்துக்கிட்டுக் கழிவறைக்குப் போனேன். ஃபைலை எதுக்குக் கழிவறைக்கு எடுத்துட்டுப் போனேன்னு கேட்காதீங்க.

மழைதானே காரணம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மழை மேல பழி போடுறது ரொம்பச் சுலபம், அது திருப்பிப் பேசாது.

கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனேன். அந்த வருஷம் கிறிஸ்மஸ் ஞாயித்துக்கிழமையே வந்தது. எங்க ஊர்ல கிறிஸ்மஸ் ஆராதனை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். பனியில மப்ளர் கட்டிக்கிட்டு, பாதித் தூக்கத்துல போய் உட்காரணும். திருவிருந்து உண்டு. அதுக்கு முன்னாடி எல்லாரும் முழங்கால் போட்டுப் பொதுவாப் பாவ அறிக்கை சொல்லுவோம். நூறு தடவைக்கு மேல வாய் மனப்பாடமாச் சொன்ன ஜெபம்தான். அன்னைக்குச் சொல்ல ஆரம்பிச்சா, மேனேஜர் ரூம் வாசல்ல நின்ன அந்த அண்ணன் முகம்தான் வருது. மலைப்பிரசங்கத்துல ஒரு இடம் உண்டு. காணிக்கையோட பலிபீடத்துக்கிட்ட நிக்கிறப்போ உன்மேல ஒருத்தனுக்குக் குறை இருக்குன்னு நினைப்பு வந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போய் அவனைப் பார்த்துட்டு வான்னு. கவனிங்க, உனக்கு அவன்மேல குறை இருந்தான்னு இல்லை. அவனுக்கு உன்மேல.

வரிசை வரிசையா எல்லாரும் எந்திரிச்சுப் பந்திக்குப் போனாங்க. நான் போகலை. சின்ன ஊர்ல அது சாதாரண விஷயம் இல்லை. பின் பெஞ்சுல ரெண்டு தலை திரும்பினது தெரிஞ்சது.

ஆச்சிக்கு அப்போ எண்பதுக்கு மேல. கண்ணு மங்கல், ஆனா இந்த மாதிரி விஷயம் எல்லாம் தெரியும். மத்தியானம் கறிக்கொழம்புச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் அசந்து படுத்தப்புறம், திண்ணையில உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே கேட்டா.

"ஏன்யா பந்திக்குப் போவல?"

தலைவலின்னேன். பதில் சொல்லலை, இடிச்சுக்கிட்டே இருந்தா. அந்த டொக்கு டொக்கு சத்தத்தை ரொம்ப நேரம் தாங்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பெட்டி, கையெழுத்து, மைசூர்பாக்கு, மழை, எல்லாம். இருபதாயிரம்னு கேட்டப்போ கூட அவ முகம் மாறலை. கவர்ல ரெண்டாயிரம் போட்டதைச் சொன்னதும் இடிக்கிறதை நிறுத்திட்டா.

"கோயிலுக்கா போட்ட?"

"ஆமா ஆச்சி."

"நீ வாங்குனது பத்தாதுன்னு ஆண்டவரையும் கூட்டு சேத்துட்டியாக்கும்."

எனக்கு அந்தக் கரிக்கோடு ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல அது மனசுல எங்க கிடந்ததுன்னே தெரியலை.

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஸ்டோருக்காரனுக்கு எத்தன பிள்ளைக?"ன்னா. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்கன்னேன். "ம்"னா. அதோட பேச்சு முடிஞ்சது. என்ன செய்யணும்னு அவ சொல்லலை. நானும் கேட்கலை.

ஜனவரி முதல் வாரம் மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். படத்துல வர்ற மாதிரி எல்லாம் இல்லைங்க. அவர் கோபப்படலை, பாராட்டவும் இல்லை. ரொம்ப சங்கடமா மேஜை மேல இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வச்சார். "இதை ஏன்ப்பா எங்கிட்ட வந்து சொல்ற?"ன்னார். அந்தக் கேள்விக்கு அப்போ என்கிட்ட நல்ல பதில் இல்லை. மூணு நாள் கழிச்சு, நானா ராஜினாமா எழுதிக் கொடுத்தா அனுபவச் சான்றிதழ்ல ஒண்ணும் எழுத மாட்டோம்னு சொன்னாங்க. எழுதிக் கொடுத்தேன்.

இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனதுதான் பெரிய காமெடி. சப்ளையர், "நான் எப்போ தம்பி குடுத்தேன்?"னுட்டார். கம்பெனியில கட்டலாம்னு போனா, அக்கவுண்ட்ஸ்ல இருந்தவர், "எந்த ஹெட்ல சார் வரவு வைக்கிறது?"ன்னு தலையைச் சொறிஞ்சார். கடைசியில 'இதர வருமானம்'னு ஒரு ரசீது போட்டார். அந்த ரசீது இன்னும் என்கிட்ட இருக்கு. கட்டுறதுக்குப் பணம்? முன்பணம் கட்டி எடுத்த பைக்கை வித்தேன், பாக்கிக்கு ஒரு நண்பன்கிட்டக் கடன். கோயில்ல போட்ட ரெண்டாயிரத்தைத் திருப்பிக் கேட்கவா முடியும்? அதையும் என் கையிலருந்துதான் சேர்த்தேன்.

அண்ணனுக்கு மெமோவை வாபஸ் வாங்கினாங்க, பிடிச்ச பணத்தையும் கொடுத்தாங்க. இன்க்ரிமெண்ட் மட்டும் அந்த வருஷம் வரலைன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். கிளம்புற அன்னைக்கு அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். லெட்ஜரைப் பார்த்துக்கிட்டே, "சரி சார்"ன்னார். அதுவரைக்கும் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவார்.

அப்புறம் நாலு மாசம் வேலை இல்லை. கிடைச்சது 7,000 ரூபாய்க்கு. பழைய சம்பளத்தைத் தொட ரெண்டரை வருஷம் ஆச்சு. அந்தச் சப்ளையரோட பெட்டி நான் போனப்புறமும் அங்க வந்துக்கிட்டுதான் இருந்ததாம். நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு சம்பந்தமும், 'மாப்பிள்ளை ஏன் வேலையை விட்டார்'ங்கிற ஒரே கேள்வியில நின்னு போச்சு. (வீட்டம்மா இதைப் படிச்சா, "அது ஆண்டவர் செஞ்ச நன்மை, அதைச் சாட்சியில சேருங்க" என்பாங்க. சேர்த்தாச்சு :-))

இப்படி ஒரு சாட்சியை எந்த மைக்ல போய்ச் சொல்ல?

சின்ன வயசுல திடப்படுத்தல் ஆராதனை முடிஞ்சு எனக்கு ஒரு வசன அட்டை கொடுத்தாங்க. வெளிப்படுத்தின விசேஷத்துல சிமிர்னா சபைக்குச் சொன்ன வார்த்தை, மரணபரியந்தம் உண்மையா இருக்கிறதைப் பத்தினது. எங்க பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துல எந்தச் சிலுவையைப் பார்த்தாலும் இதான் செதுக்கியிருக்கும். சிமிர்னா இன்னைக்குத் துருக்கியில இருக்கிற இஸ்மீர். அந்த ஊர்ப் பேராயர் பாலிகார்ப், 86 வருஷமா சேவிச்சவரை மறுதலிக்க மாட்டேன்னு நின்னு, ரெண்டாம் நூற்றாண்டுல உயிரைக் கொடுத்தார். அவ்வளவு தூரம் ஏன்? பத்தாவது படிக்கிறப்போ ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14ல சுட்டுக் கொன்ன இடம். 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினவர். எருமை மேல உட்கார வச்சு ஊர் ஊராக் கொண்டு போனாங்க, வருஷக்கணக்காச் சிறை, ஆனாலும் மாறலை. 2022ல வத்திக்கான்ல புனிதர்னு அறிவிச்சாங்க. அந்தப் பாறைகிட்ட நின்னு, எனக்கும் இப்படி ஒரு நேரம் வந்தா பின்வாங்க மாட்டேன் ஆண்டவரேன்னு பதினஞ்சு வயசுல கண்ணீரோட ஜெபிச்சவன் நான்.

துப்பாக்கிக்கு எல்லாம் நான் தயாராத்தான் இருந்தேன். மைசூர்பாக்குக்குத்தான் தயாரா இல்லை.

வேலை இல்லாம இருந்த அந்த நாலு மாசத்துல தானியேல் புத்தகத்தைத் திரும்பப் படிச்சேன். ஞாயிறு பள்ளியில சிங்கக் கெபிப் படம் பார்த்து வளர்ந்த ஆளுங்கதானே நாம. ஆனா ஆறாம் அதிகாரம் சிங்கத்துல ஆரம்பிக்கலை. கணக்குல ஆரம்பிக்குது. ராஜா 120 தேசாதிபதிகளை வைக்கிறார், ராஜாவுக்கு நஷ்டம் வராம அவங்ககிட்டக் கணக்குக் கேட்க மூணு பிரதானிகள். அதுல ஒருத்தர் தானியேல். அதாவது நம்ம பாஷையில ஆடிட்டர். அவரைக் கவுக்கணும்னு நினைச்சவங்க மொதல்ல தேடினது அவரோட ஆபீஸ் ஃபைலைத்தான். அங்க ஒண்ணும் சிக்காததாலதான், வேற வழி இல்லாம அவரோட ஜெபத்துல கை வச்சாங்க. என் விஷயத்துல அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். மொத ஃபைல்லயே மாட்டியிருப்பேன்.

ஆச்சி 2009ல போய்ச் சேர்ந்தா. அவ கல்லறையில அதே சிமிர்னா வசனத்தைத்தான் செதுக்கியிருக்கோம். கலயம் எனக்கு வேணும்னு கேட்டேன். சென்னைக்குக் கொண்டு வர்ற வழியில பஸ்ல ஒரு ஓரம் உடைஞ்சிடுச்சு, இப்போ அதுல மணிபிளாண்ட் இருக்கு. பிடியரிசி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல. ரைஸ் குக்கர் கப்பால அளந்து, அதுலருந்து ஒரு பிடி. இங்க எங்க சபையில சாக்கைத் தூக்கிக்கிட்டு யாரும் வீட்டுக்கு வர்றதில்லை. அதனால மாசக் கடைசியில அரிசியை நிறுத்துப் பார்த்து, அதுக்குண்டான பணத்தைக் கவர்ல போட்டுட்டு, அரிசியை நாங்களே சமைச்சுக்குவோம்.

அந்த அண்ணனுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவேன். பதில் வந்ததில்லை. திரும்பியும் வந்ததில்லை, அதனால விலாசம் சரிதான்னு நினைக்கிறேன்.

போன மாசக் கடைசியில பாட்டிலை நிறுத்தேன். ஒன்றரைக் கிலோ. கவர் மேல 75ன்னு எழுதினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்தாங்க.

"கிலோ அம்பதா? எந்தக் கடையில?"

"சுமாரான அரிசி அம்பதுதான்மா."

"நாம சாப்பிடுறது என்ன விலை?"

அறுபத்து நாலு. 75ஐ அடிச்சுட்டுப் பக்கத்துல 96ன்னு எழுதினேன். அடிச்சது கொஞ்சம் அசிங்கமாத் தெரிஞ்சது. வேற கவர் எடுக்கலாமான்னு பார்த்தேன், வீட்டுல வேற கவர் இல்லை.